முற்றத்தில் நின்ற பச்சை லொறிகள்

டீசல் எஞ்சின் குளிர்காலத்தில் ஸ்டார்ட் ஆகச் சுணங்கும். முப்பத்தொரு வருடம் விமான நிலைய வாகனங்களைத் திருத்தினவன் நான். பழைய எஞ்சினை நாள்தோறும் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் அது படுத்துவிடும். ஆகவே ஒவ்வொரு நாளும் காலை ஏழேகாலுக்கு என் லொறிகளை ஸ்டார்ட் பண்ணி, பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவேன். ஏழு மணிக்கு முன் ஒருநாளும் செய்ததில்லை. அயலில் ஆட்கள் படுத்திருப்பார்கள்.

எல்லாக் கேள்விக்கும் 'நோ கொமென்ட்' சொல்லும்படி என் வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர், தன் வேலையைச் செய்கிறார். ஆனால் விசாரிக்கிற பொலிஸ் அதிகாரியான நீங்கள் நேற்று இரண்டு மணித்தியாலம் குரலை உயர்த்தாமல் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். மொழிபெயர்க்க வந்த ஷெறோன் என்ற பிள்ளையும், "ஐயா, உங்களுக்குத் தமிழிலை எழுதுறது சுகமெண்டால் எழுதித் தாங்கோ, நான் வரிக்கு வரி இங்கிலீசிலை மாத்திக் குடுக்கிறன்" என்று சொன்னா. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் செபமாலைமுத்து. வயது அறுபத்து நான்கு. பிறந்தது யாழ்ப்பாணத்தில், நாவாந்துறை என்ற மீன்பிடி ஊர். லண்டன் ஹவுன்ஸ்லோவில் இந்த வீட்டுக்கு வந்து பத்தொன்பது வருடம். தெரு முடிகிற இடத்தில் இருக்கிற மூலை வீடு என்பதால் முன்நிலம் விசிறி மாதிரி அகலமானது. பக்கத்து வீடு விஜயரத்தினம் அண்ணையுடையது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவர்கள் வீட்டில் தேங்காய் உடைத்தால் எங்களுக்குக் கேட்கும்.

விஜயரத்தினம் ஊரில் நில அளவையாளராக இருந்தவர். இங்கே ஒரு வீட்டு முகவர் கந்தோரில் வேலைசெய்து ஓய்வு பெற்றார். எங்கள் தெருவின் குடியிருப்பாளர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். குப்பைத்தொட்டி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதுவரை அவரிடம் ஒரு விதி இருந்தது. நாங்கள் குடிவந்த முதல் கிழமையே, "ஊரிலை எவடம்?" என்று கேட்டார். சொன்னேன். "ஓ, நாவாந்துறையோ," என்றார். அதற்குப் பிறகு பத்தொன்பது வருடமும் என்னை 'நீங்கள்' என்று சொல்லாமல் 'நீர்' என்றுதான் கூப்பிட்டார். நான் அவரை 'அண்ணை' என்றேன். இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

என் மனைவி எமெல்டாவுக்கு, தசைகள் ஒவ்வொன்றாகக் கைவிடுகிற நோய் வந்தது. முதலில் வலது கை, பிறகு கால்கள். சக்கர நாற்காலியோடு அப்படியே ஏற்றக்கூடிய, பின்னால் லிப்ட் பூட்டிய ஒரு வான் வாங்கினேன். பழசுதான். நானே திருத்தினேன். உயரமான வான் என்பதால் பார்ப்பதற்கு சாமான் ஏற்றுகிற வாகனம் மாதிரி இருக்கும். அதை முன்நிலத்தில், வீட்டு வாசலுக்கு நேரே நிறுத்துவேன். கதவிலிருந்து லிப்டுக்கு ஆறு அடி. மழையென்றாலும் எமெல்டா நனையமாட்டாள். ஞாயிறு பூசைக்குப் போவோம். ஒருமுறை பிறைட்டன் கடலுக்கும் போனோம். கரையில் வானின் பின்கதவைத் திறந்துவிட்டு, லிப்டை அரைவாசிக்கு இறக்கி, அதிலேயே இருந்து மூன்று மணித்தியாலம் கடலைப் பார்த்தாள்.

நான்கு மாதத்தில் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. குடியிருப்புப் பகுதியில் வர்த்தக வாகனம் நிறுத்தப்படுவதாக முறைப்பாடு. அத்தோடு, நடைபாதை விளிம்பைத் தாழ்த்த அனுமதி எடுக்காமல் வாகனத்தை அதன் மேலாக ஏற்றுவதும் குற்றம் என்று எழுதியிருந்தது. முறைப்பாடு கொடுத்தவரின் பெயர் இல்லை. ஆனால் வானின் நீளமும் உயரமும் அங்குலக் கணக்கில் இருந்தன. நான் பக்கத்து வீட்டு மணியை அடித்தேன்.

"நீங்களோ அண்ணை?" என்று கேட்டேன்.

"ஓம், நான்தான்," என்றார். "தனிப்பட்ட கோவம் ஒண்டுமில்லை. எல்லாரும் தங்கடை பாட்டுக்கு வானும் லொறியும் கொண்டுவந்து விட்டால், தெரு என்னத்துக்கு ஆகும்? நீர் முறையா அனுமதி எடும். எடுத்தால் நான் ஒரு சொல்லுச் சொல்லமாட்டன்."

அனுமதிக்கு அன்றைக்கே எழுதினேன். பதில் வரும்வரை வானை மூன்று தெரு தள்ளி நிறுத்த வேண்டியிருந்தது. இடம் கிடைக்காத நாளில் இன்னும் தூரம். எமெல்டாவை நடைபாதை வழியே தள்ளிக்கொண்டு போவேன். மழை பெய்தால் ஒரு கையில் குடை. நவம்பரில் ஒருநாள் நாற்காலியின் முன்சில்லு ஒரு வெடிப்பில் இறுகி, அவள் முன்னுக்கு விழுந்துவிட்டாள். கையை ஊன்ற அவளுக்குக் கை வேலைசெய்யாது. முகம் நிலத்தில் பட்டது. அதற்குப் பிறகு, "வேண்டாமப்பா, உங்களுக்குத்தான் கரைச்சல். நான் வீட்டிலையே இருக்கிறன்," என்றாள். பதினைந்து மாதம் ஒரே ஜன்னல். பெப்ரவரியில் இறந்துபோனாள். அடக்கம் முடிந்து ஒன்பதாம் நாள் கவுன்சிலின் கடிதம் வந்தது. நடைபாதையைத் தாழ்த்த அனுமதி தந்திருந்தார்கள்.

அனுமதி கையில் இருந்தது. அங்கே நிறுத்த, தெருவில் நிற்கிற என் சின்னக் காரைத் தவிர என்னிடம் வாகனம் இல்லை, வானை ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டேன். ஆகவே வாகனம் வாங்கினேன்.

இராணுவம் கழித்துவிடுகிற வாகனங்களை ஏலத்தில் யாரும் வாங்கலாம். சேகரிப்பவர்களுக்கென்று சங்கங்களே இருக்கின்றன. ஏப்ரலில் முதல் லொறி வந்தது. நான்கு தொன் பெட்ஃபோர்ட், கூரை வரைக்கும் கன்வஸ். அதைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினால் விஜயரத்தினத்தின் முன்னறைக்கு வெளிச்சம் வராது. அப்படித்தான் நிறுத்தினேன். அந்த நேரம் அதற்குமேல் எதையும் நான் நினைக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அவர் உடனேயே அளவுநாடாவோடு வெளியே வந்தார். ஒன்பது வீட்டில் கையெழுத்து வாங்கினார். கவுன்சிலிலிருந்து ஒரு இளம் அதிகாரி வந்து பார்த்தார். நான் அவருக்கு அனுமதிக் கடிதத்தையும் சங்க அட்டையையும் காட்டினேன். வியாபாரம் செய்யவில்லை, சொந்த நிலம், பொழுதுபோக்கு. அவர் எஞ்சினைத் திறந்து காட்டச் சொல்லி ரசித்துப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆனால் லொறி வந்த அன்று இன்னொன்றும் நடந்தது. நான் பின்னுக்கு எடுத்து நிறுத்தும்போது விஜயரத்தினத்தின் மனைவி நகுலேஸ்வரி வாசலில் பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றா. லொறி அசைந்து நின்றதும் வாளியைக் கீழே வைத்தா. போடவில்லை, மெதுவாக வைத்தா. பிறகு சுவரோடு சுவராக, முகத்தைத் திருப்பாமல், பின்பக்கமாகவே நடந்து உள்ளே போனா. கதவுக்குள் இரண்டு பூட்டும் விழுந்த சத்தம் கேட்டது.

அப்போதுதான் எமெல்டா சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது.

நகுலேஸ்வரியைப் பற்றி நான் நேர்மையாக எழுத வேண்டும். எமெல்டா படுக்கையில் கிடந்த காலம் முழுக்க, ஒவ்வொரு நாளும் பதினொரு மணிக்கு அவ வருவா. சூப் கொண்டுவந்து கரண்டியால் பருக்குவா. எமெல்டாவின் தலையை இழுத்துப் பின்னிவிடுவா. புருஷன் செய்ததற்கு வெட்கப்பட்டா என்று நினைக்கிறேன், ஆனால் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. ஒருநாள் தலை இழுத்துக்கொண்டிருக்கும்போது, வேறு யாருக்கும் சொல்லாத ஒரு கதையை எமெல்டாவுக்குச் சொன்னா. தொண்ணூற்றாறாம் ஆண்டு, அவர்களுடைய வீட்டுப் படலைக்கு ஒரு பச்சை லொறி பின்பக்கமாக வந்தது. ஆமிக்காரர் அவவின் தம்பி கோகுலனை அதில் ஏற்றினார்கள். அவ பின்கதவைப் பிடித்துக்கொண்டு, தம்பியை விடுங்கள், என்னைக் கொண்டுபோங்கள் என்று கேட்டா. ஒருவன் அவவின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, பின்கதவை நிமிர்த்தி, சங்கிலியைக் கொக்கியில் கொழுவினான். அவசரப்படாமல், ஆறுதலாகக் கொழுவினான் என்று சொன்னாவாம். கோகுலன் பிறகு வரவில்லை. "அந்தச் சங்கிலிச் சத்தம்தான் எமெல்டா, இண்டைக்கும் எனக்குக் காதிலை நிக்குது," என்றாவாம்.

எமெல்டா இதை எனக்குச் சொல்லி அழுதாள். ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

யூலையில் இரண்டாவது லொறியை வாங்கினேன். இதைப் பார்த்துத் தெரிந்தெடுத்தேன். மணல் நிறத்தில் இருந்ததை இரண்டு கிழமை செலவழித்துக் கடும்பச்சையாக்கினேன். பின்கதவுச் சங்கிலிக்குச் சத்தம் வராதபடி ஒரு ரப்பர் உறை போட்டிருந்தார்கள். அதைக் கழற்றினேன். முதல் லொறியை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, இதை அவர்களுடைய வாசலை நோக்கிப் பின்பக்கமாக நிறுத்தினேன். காலையில் ஏழேகாலுக்கு எஞ்சினை ஓடவிடுவேன். எஞ்சின் ஓடும்போது பின்கதவை இறக்குவேன், துடைப்பேன், நிமிர்த்துவேன், சங்கிலியைக் கொழுவுவேன். துப்புரவு செய்வது குற்றமில்லை.

ஆகஸ்டில் அவர்களுடைய முன்பக்கத் திரைச்சீலைகள் மூடின. செப்டம்பரில் நகுலேஸ்வரி கடைக்குப் போவதை நிறுத்திவிட்டா. சுவருக்கு அந்தப் பக்கத்தில் தளபாடங்களை இழுக்கிற சத்தம் கேட்கும். கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறா. ஒக்டோபரில், ஆமி சோதிக்க வரும் என்று பயந்து, பழைய படங்களையும் கடிதங்களையும் பின்வளவில் எரித்தா. தம்பியின் படமும் அதற்குள் போய்விட்டதாம். இது விஜயரத்தினமே வந்து சொன்னது. அன்று அவர் அளவுநாடா கொண்டுவரவில்லை. மேல்சட்டைப் பொத்தான்கள் மாறிப் பூட்டியிருந்தன.

"செபமாலை, உம்மைக் கும்பிட்டுக் கேக்கிறன்," என்றார். "மனிசி சாப்பிடுறா இல்லை. என்னையே சிலநேரம் ஆரெண்டு தெரியேல்லை. டொக்டர் என்னவோ பேர் சொல்லுறார், குளிசை தாறார். லொறி நிண்டால் அவவுக்குச் சுகம் வராது. எடுத்துவிடும் ஐயா."

'ஐயா' என்று முதல்முறை சொன்னார்.

"கவுன்சிலுக்கு எழுதுங்கோ அண்ணை," என்றேன். "உங்களுக்குப் பழக்கம்தானே."

அவர் திரும்பிப் போனார். நான் உள்ளே போய் எமெல்டாவின் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினேன். அந்த ஒரு வருடத்தில் அன்றுதான் பசித்துச் சாப்பிட்டேன்.

மூன்றாவது லொறியை நவம்பரில் வாங்கியபோது கவுன்சில் கொஞ்சம் இறுக்கியது. அதனால் விமான நிலையத்துக்கு அங்காலே குதிரைகள் மேய்கிற ஒரு வயலில் மூலையொன்றை வாடகைக்கு எடுத்து அதை அங்கே விட்டேன். விமானங்கள் தலைக்கு மேலாகவே இறங்கும். பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் கேட்காது.

இனிப் போன செவ்வாய்க்கிழமை.

ஒன்பது மணியிருக்கும். விஜயரத்தினம் மனைவியின் மருந்துத்துண்டு எடுக்க டொக்டரிடம் போனதைக் கண்டேன். அன்று நல்ல குளிர், எஞ்சின் ஏழேகாலுக்குப் பிடிக்கவில்லை. ஒன்பதுக்குத்தான் பிடித்தது. வழக்கம்போலப் பின்கதவை இறக்கினேன். திரும்பிப் பார்த்தால் நகுலேஸ்வரி எனக்குப் பின்னால் நிற்கிறா. வீட்டு உடுப்பு, மெல்லிய ஒரு கார்டிகன், காலில் செருப்பு. கையில் ஒரு சின்னப் பை. அதற்குள் ஒரு துவாயும் பிரஷும் இருந்ததை நீங்கள் கண்டிருப்பீர்கள்.

"மாத்தயா," என்றா. அது சிங்களச் சொல், பெரிய மனிதரைக் கூப்பிடுவது. பிறகு தமிழில், "தம்பி ஒண்டும் செய்யேல்லை மாத்தயா. அவன் படிக்கிற பொடியன். அவனை விட்டிட்டு என்னை ஏத்துங்கோ."

நான் யோசித்துத்தான் செய்தேன் என்றோ, யோசிக்காமல் செய்தேன் என்றோ எழுதினால் உங்களுக்கு வசதியாக இருக்கும். எனக்கு ஞாபகமிருப்பது கையைக் கொடுத்ததுதான். அவவுக்கு முழங்கால் வருத்தம். ஏறச் சிரமப்பட்டா. நான் பிடித்து ஏற்றிவிட்டேன். அவ உள்ளே போய் மரவாங்கில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டா. பின்கதவை நிமிர்த்திச் சங்கிலியைக் கொழுவினேன். அவ அழவில்லை. வரவேண்டியது வந்துவிட்டது என்பதுபோல இருந்தா.

வயலுக்கு இருபது நிமிடம். லொறியை மற்ற லொறிக்குப் பக்கத்தில் நிறுத்தி, பின்கன்வஸை இறக்கி வெளியிலிருந்து கயிற்றால் கட்டினேன். உள்ளேயிருந்து அவிழ்க்க ஏலாது. பின்னர் பெருந்தெருவுக்கு நடந்துபோய் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். மத்தியானம் வரைக்கும்தான் என்று நினைத்தேன். தேடுவது எப்படியிருக்கும் என்று அந்த மனிதருக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன்.

பதினொரு மணிக்கு அவர் என் கதவைத் தட்டினார். "நகுலாவைக் கண்டனீரோ? கதவு திறந்து கிடக்குது."

"இல்லை அண்ணை," என்றேன். "வாங்கோ, காரிலை போய்த் தேடுவம்."

பொலிசுக்கு அறிவித்தது நான்தான். என் தொலைபேசியில் நானே எண்ணை அழுத்தினேன். பிறகு ஹவுன்ஸ்லோ பெருந்தெரு, தமிழ்க் கடைகள், பஸ் நிலையம், பூங்கா எல்லாம் கொண்டுபோனேன். ஒவ்வொரு கடைக்குள்ளும் அவர் படத்தோடு போவார். நான் காருக்குள் இருப்பேன். அவர் திரும்பி வந்து கதவைத் திறக்கிற நேரத்தில் முகத்தைப் பார்ப்பேன். பதினேழு கடை. பதினேழு தரமும் பார்த்தேன். அதனால் மத்தியானம் கடந்துவிட்டது.

நான்கு மணிக்கு, சவுத்தால் பக்கம் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி அவரை வீட்டில் இறக்கிவிட்டு வயலுக்குப் போனேன். ஒரு கம்பளிப் போர்வையும் ஃப்ளாஸ்கில் சுடுதேத்தண்ணியும் கொண்டுபோனேன். அவை இன்னும் என் காரின் பின்சீற்றில் இருக்கும். அவவை வீட்டுக்குக் கூட்டிவரத்தான் போனேன், இதற்கு அவையே சாட்சி.

கயிற்றை அவிழ்த்துக் கன்வஸைத் தூக்கினேன். அவ மூலையில் ஒடுங்கி இருந்தா. உதடு நீலம். ஆனால் கண் தெளிந்திருந்தது. பல மாதத்துக்குப் பிறகு அந்தக் கண் தெளிந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"செபமாலை அண்ணை," என்றா. "நல்ல காலம், நீங்கள் வந்திட்டியள். எனக்கு என்ன நடந்தது எண்டு தெரியேல்லை. ஆர் என்னை இதுக்குள்ளை..."

என் கையில் கயிறு இருந்தது. அவ அதைப் பார்த்தா. கன்வஸைப் பார்த்தா, பச்சை நிறத்தைப் பார்த்தா, தொங்கிக்கொண்டிருந்த சங்கிலியைப் பார்த்தா. ஒரு விமானம் தலைக்கு மேலால் இறங்கிப் போனது. பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டா.

"தம்பியின்ர கதையை எமெல்டா உங்களுக்குச் சொன்னவவோ?"

கன்வஸை இறக்கினேன். அவ என் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டா. கத்தவில்லை. கயிற்றை முன்னர் கட்டியதைவிட ஒரு சுற்றுக் கூடுதலாகக் கட்டினேன். கைவிரல் விறைத்திருந்ததால் கொஞ்ச நேரம் எடுத்தது.

ஐந்தரைக்கு விஜயரத்தினத்திடம் போனேன். அவர் இருட்டில் மாடிப்படியின் கீழ்ப்படியில் இருந்தார். விளக்கை நான்தான் போட்டேன். என் முற்றத்தில் அந்த லொறி இல்லாததை அவர் கவனித்திருந்தார்.

"லொறியை எடுத்திட்டீரோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை. நீங்கள் கேட்டதுக்காக."

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அந்த வான் விசயத்திலை நான் செய்தது பாவம்," என்றார். "எமெல்டா விழுந்த அண்டு நான் ஜன்னலிலை நிண்டு பாத்தனான். வெளியிலை வர வெக்கமாயிருந்தது. என்னை மன்னிச்சுக்கொள்ளும் செபமாலை. நகுலா வந்தவுடனை அவவையும் கூட்டிக்கொண்டு எமெல்டாவின்ர கல்லறைக்குப் போவம்."

இரண்டு வருடமாக நான் கேட்க விரும்பிய சொற்கள் இவைதான். "பரவாயில்லை அண்ணை," என்றேன். அவருக்கு முட்டை பொரித்துப் பாணோடு கொடுத்தேன். அவர் சாப்பிடவில்லை. நான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். கார்ச் சாவி மேசையில்தான் கிடந்தது.

மறுநாள் காலை, குதிரைகளுக்குத் தீனி போட வந்த பெண் கன்வஸைத் திறந்து பார்த்திருக்கிறா. மிச்சம் உங்களுக்குத் தெரியும். நகுலேஸ்வரி குளிரில் இறந்தது அதிகாலை மூன்று மணிக்குப் பிறகு என்று நேற்று நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள். நான் மேசைக்குக் கீழே விரல் விட்டு எண்ணினேன். அவர் மன்னிப்புக் கேட்டதற்குப் பிறகு ஒன்பதரை மணித்தியாலம்.

எதற்காகத் திரும்பிப் போகவில்லை என்று கேட்டீர்கள். நேற்று நான் பதில் சொல்லவில்லை, இன்று சொல்கிறேன். நகுலேஸ்வரியை நான்தான் ஏற்றினேன், நான்தான் கட்டினேன், உயிரோடு இருக்கிறா என்று தெரிந்தே விட்டேன். அவ வீட்டுக்கு வந்திருந்தால், நம்பிச் சொன்ன கதையை எமெல்டா வெளியே விட்டாள் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருப்பா. எமெல்டா ஒருவருக்கும் துரோகம் செய்யாதவள். இறந்தவளின் பெயருக்கு ஒரு சொல் வருவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது.

ஷெறோன் பிள்ளையிடம் ஒன்று கேட்கிறேன். இதை விஜயரத்தினம் அண்ணைக்கு வாசித்துக் காட்டவேண்டி வந்தால், எமெல்டாவைப் பற்றிய இடங்களைக் கவனமாக வாசிக்கவும். அவளும் நகுலேஸ்வரியும் நல்ல சிநேகிதமாக இருந்தவர்கள், நான் செய்ததெல்லாம் எமெல்டாவுக்காகத்தான் என்பது அவருக்குப் பிழையாக விளங்கிவிடக்கூடாது.